சில்லறை பாக்கி

தொப்பூர் இறக்கம் தொடங்கும் முன்
கியரைக் குறைத்தபடியே
தீர்த்தகிரி அண்ணன் இடது கையைப் பின்னால் நீட்டுவார்.
உள்ளங்கையில் ஒரு ரூபாய்.
"முனியப்பனுக்குப் போடு கண்டக்டரே."

முதல் வாரம் போட்டேன்.
பிறகு கையை மட்டும் வீசிவிட்டு
காசைப் பைக்குள் தள்ளிக்கொண்டேன்.
இருபத்தொன்பது வயது.
எந்தச் சாமியும் எனக்குச் சம்பளம் போடவில்லை.
சேலத்தில் இறங்கினால் அது டீயாகிவிடும்.
சில நாள் அவருக்கும் சேர்த்தே வாங்கியிருக்கிறேன்.

பதினோரு வருடம்.
மாதம் பதினைந்து டூட்டி, நாளைக்கு மூன்று நடை,
லீவு போக ஐயாயிரத்துச் சொச்சம்.
ஒரு ஆட்டுக்குட்டி மேல்கூட ஏறியதில்லை எங்கள் வண்டி.
டிப்போவில் மாலை போட்டார்கள்.
கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டினார்:
"எல்லாம் அவன்."
நான் சிரித்தேன்.
காசு போகாமலே வண்டி போகிறது:
அதுதான் என் வேதம்,
வேறு புத்தகம் படித்ததில்லை.

போன ஆடியில் அவர் மகன் மாதேஷ்
அதே வளைவில்.
பிரேக் பிடிக்காத கண்டெய்னர் லாரி.
பைக்கின் நம்பர் பிளேட்டை வைத்துத்தான்
யாரென்று சொன்னார்கள்.

காரியம் முடிந்து இண்டூருக்குப் போனேன்.
சாமி அலமாரியில் மாத்திரைகளும் கரண்ட் பில் அட்டையும்.
முப்பது வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்,
பட்டை இல்லாத அவர் நெற்றி
மற்ற முகத்தைவிட வெளுப்பு.

ஊர்த் தண்ணீர் மஞ்சளாக்கிய பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:
"எத்தனை ரூவா போட்டிருப்பேன் கண்டக்டரே.
உன் கையாலதானே போட்ட, நீயே சாட்சி.
வாங்கித் தின்னுட்டு ஏமாத்திட்டான்."

அவன் வாங்கவில்லை அண்ணே.

நாக்குவரை வந்தது.
சொன்னால் அவருக்குச் சாமி திரும்பக் கிடைக்கும்,
மகனைத் தின்றவன் நானாகிவிடுவேன்.
சொல்லாவிட்டால்
இல்லாத ஒருவன் மேல் திருட்டுப் பழி.
இல்லை, இல்லை என்று இந்த அறுபத்திரண்டு வரை சொல்லிவந்தேன்.
அவன் திருடவில்லை என்று தெரிந்த ஒரே ஆளும்
நானாகவா இருக்க வேண்டும்?

மருமகள் டீ கொண்டுவந்தாள்.
குடித்தேன்.

அடுத்த செவ்வாய் சேலம் வண்டியில் ஜன்னலோரம்.
மடியில் மஞ்சள் பை, உள்ளே
எந்தக் கடைக்காரனும் வாங்காத பத்து ரூபாய் நாணயங்கள்.
டிரைவர் சின்னப் பையன்,
இறக்கத்தில் எதற்கும் நிதானிக்கவில்லை.
முழங்கால் மடங்காமல் எழுந்து
கண்ணாடியை நகர்த்துவதற்குள்
அரிவாளும் மீசையுமாக அவன் வந்தான்,
பின்னால் போய்விட்டான்.

சில்லறை இல்லையென்று கண்டக்டர்
டிக்கெட்டின் பின்புறம் பாக்கியை எழுதித் தந்திருந்தார்.
நானும் அப்படி எழுதித் தந்தவன்தான்.
மறந்து இறங்கிப் போனவர்கள் எத்தனை பேர்,
அதற்குக் கணக்கு வைக்கவில்லை.

சேலத்தில் டீ குடிக்கவில்லை.
தருமபுரிக்குத் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று
நேரக் காப்பாளரிடம் கேட்டேன்.
எனக்குத் தெரியும்.
இன்னொரு தடவையும் கேட்டேன்.