சிகிச்சை சாராத தொடர்பு

என் கையெழுத்து தேய்ந்துகொண்டே வருகிறது.
வீடு வீடாகப் போய் மாத்திரைகளை எண்ணிய நாட்களில்
லோர்னா ஹாப்பலா என்று முழுசாக எழுதுவேன்,
ஒரு சுழிகூட விடாமல்.
மேற்பார்வையாளர் ஆனதும் பின்பாதி போயிற்று.
இயக்குநர் நாற்காலியில் இது ஒன்பதாவது குளிர்காலம்.
இப்போது ஒரு கொக்கி, ஒரு கோடு.

அந்தக் கொக்கியால்தான்
இரவு லைனை மூடினேன்.

நிர்வாகக் குழுவில் ஏழு பேர்.
டுவைட் பெல்க்கி கணக்கை வாசித்தான்.
நல்லவன். அவன் தங்கை ஒரு காலத்தில்
எங்கள் பதிவேட்டில் இருந்தாள். அதைப் பேசுவதில்லை.
பதினொன்று முதல் காலை ஏழு வரை
ஓர் அழைப்புக்கு இவ்வளவு செலவு,
காப்பீடு திருப்பித் தருவது இவ்வளவு,
மீதியெல்லாம் துண்டு.
மாநில மானியமோ யானைப் பசிக்குச் சோளப்பொரி.
ஒன்று லைன் போக வேண்டும்,
இல்லாவிட்டால் ஆறாம் தெருவில் பன்னிரண்டு கட்டில்கள்.
கட்டிலில் படுத்திருப்பவர்களுக்கு முகம் உண்டு,
லைனுக்குக் குரல் மட்டும்தான்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
'மாநில எண்ணுக்குத் திருப்பிவிடலாமே,
அங்கேயும் மனிதர்கள்தானே?' என்றார் ஒருவர்.
ஆமாம். முந்நூறு மைல் தெற்கே.
எஸ்கனாபாவை வரைபடத்தில் தேடுகிற மனிதர்கள்.

ஈவெட் ட்ரூடெல் கை தூக்கவில்லை.
சிகிச்சைப் பிரிவின் தலைவி, அவளுக்கு வாக்கே கிடையாது.
இருந்தும் அவள் தூக்காதது எல்லோருக்கும் தெரிந்தது.
கோட்டை மாட்டும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்:
'ரெய்னோவை என்ன செய்வது?'

ரெய்னோ, தாதுக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன்,
இரவு இரண்டே முக்காலுக்கு அழைப்பான்.
சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆணியடித்த
தெர்மாமீட்டர் காட்டுவதைச் சொல்வான்.
'பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழு.'
'சரி, ரெய்னோ.'
வைத்துவிடுவான்.
பதினோரு வருடமாக, கோடையிலும்.
படிவத்தில் இதற்கொரு கட்டம் இருக்கிறது:
சிகிச்சை சாராத தொடர்பு.
கட்டத்தை வரைந்தது நான்.

முதல் அழைப்பை எடுத்ததும் நான்.
யாரோ விடுப்பு, பதிலுக்கு உட்கார்ந்திருந்தேன்.
அன்று அவன் எண் எதுவும் சொல்லவில்லை.
சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
நான்கு மணிவரை பேசினோம்,
பயிற்சியில் கற்றதெல்லாம் தீர்ந்துபோனது,
வாயில் வந்ததைக் கேட்டேன்:
வெளியே எவ்வளவு குளிர்?
பார்த்துவிட்டு வந்து சொன்னான்.
எழுந்து போனான், இல்லையா.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

முப்பத்தொன்றாம் தேதி, கடைசி இரவு.
பட்டியலில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.
ஈவெட் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
ஒரு பெண் அழுதாள்.
ஒரு பையன் மூச்சு மட்டும் விட்டான், நானும் விட்டேன்.
ஒருவனுக்கு பீட்சா வேண்டியிருந்தது.

'கீழே பன்னிரண்டு.'
'ரெய்னோ, நான் லோர்னா.'
'தெரியுது. குரல் தடிச்சுப் போச்சு.'
நாளை முதல் இந்தச் சேவை, என்று தொடங்கினேன்,
வக்கீல் பார்த்துத் திருத்திய வாக்கியம்.
'கடுதாசி வந்துது,' என்றான்.
'அடியில யாரோட கையெழுத்துன்னுதான் தெரியலை.
தூண்டில் முள்ளு மாதிரி இருந்துது.'

ரேடியேட்டர் இருமியது.
'என்னுடையது,' என்றேன்.

அவன் வைக்கவில்லை.
இருபது விநாடி, நாற்பது.
பிறகு கேட்டான்:
'அங்க எவ்வளவு?'

அலுவலக ஜன்னலில் தெர்மாமீட்டர் கிடையாது.
பட்ஜெட்டில் யாரும் கேட்டதுமில்லை.
வண்டியின் டாஷ்போர்டில் ஒன்று இருக்கிறது,
வண்டி பனிக்கு அடியில் இருக்கிறது.
'லைன்லயே இரு,' என்று சொல்லி
ரிசீவரைக் காகிதங்களின் மேல் கிடத்திவிட்டு
எழுந்து போனேன்.