இடம்புரி

விடியற்காலை மூன்று மணிக்கு ஹீட்டர்
டிக் டிக் டிக் என்று தீப்பொறி தட்டிப் பார்த்துவிட்டு
அடங்கிவிட்டது.
படுத்தபடியே தெரிந்துகொண்டேன்,
இரண்டாவது டாங்கும் காலி.

முதலாவது தீர்ந்த அன்றே
ரெகுலேட்டரின் சின்னக் கண்ணாடியில்
பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தது.
பார்த்தேன். நாளைக்கு என்றேன்.
அந்த நாளைக்கு ஒன்பது நாள் நீளம்.

அரிசோனாப் பாலைவனம் பகலில் சொன்ன சொல்லை
இரவில் காப்பாற்றாது.
நாய்க்கு வைத்த தண்ணீர் மேல் ஏடு கட்டியிருந்தது பனி.
இருந்த கம்பளியையெல்லாம்
இரண்டு பேர் மேலும் போட்டுக்கொண்டு
நானும் நாயும் வெளிச்சத்துக்குக் காத்திருந்தோம்.

டிரெய்லரின் மூக்கில், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில்,
இரண்டும் நிற்கும் தோளோடு தோள்.
நடுக்கம்பியில் காது வைத்த ஒரு நட்.
எழுபது தாண்டிய விரல்கள்
குளிரில் என் பேச்சைக் கேட்பதில்லை.

அடுத்தது குழாய் இணைப்பு.
உலகத்தில் எல்லா மரையும் வலப்பக்கம் சுற்றினால் இறுகும்.
இது மட்டும் இடம்புரி.
முதல் தடவை தெரியாமல்
அரைமணி நேரம் மூச்சைப் பிடித்து
இறுக்கிக்கொண்டே இருந்தேன்,
கழற்றுவதாக நினைத்து.
ஆர்விட்டோடு முப்பத்தெட்டு வருடம்
நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஆர்விட் சாகவில்லை.
ஒருத்தி தனியாக டாங்க் தூக்கினால்
எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.
மினசோட்டாவில் உறைந்த ஏரி மேல் உட்கார்ந்து
துளை போட்டு மீன் பிடிக்கிறான்.
பனி இல்லாத ஜனவரி அவனுக்கு ஆகவில்லை.
எனக்குப் பனி ஆகவில்லை.
சண்டை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

காலி டாங்க் பதினொரு கிலோ.
ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு போய்
முன் இருக்கையில் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து
ஊருக்குள் ஓட்டினேன்.
ரொஹேலியோ குழாயைப் பூட்டினான்.
பக்கத்துத் திருகிலிருந்து வெள்ளையாய் ஒரு சீறல்,
உடனே நிறுத்தினான்.
"நிறைந்தது என்றால் எண்பதுதான், மார்லிஸ்.
மிச்சம், வெயிலில் அது மூச்சு விட."

திரும்பும்போது இருபத்தைந்து கிலோ.
காரை நகர்த்தியதும் மணி அடிக்கத் தொடங்கியது,
பக்கத்தில் இருப்பவர்
பெல்ட் போடவில்லையாம்.
இரண்டு மைல் பொறுத்தேன்.
பிறகு ஓரங்கட்டி, குறுக்கே பட்டையை இழுத்து
கிளிக்.
கார் சமாதானமானது.
வேகத்தடை வரும்போது
என் வலது கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.

காரிலிருந்து டிரெய்லருக்குச் சரளைக் கல்லில் பதினெட்டு எட்டு.
வெண்டல் ஓடி வந்தார், நெஞ்சில் மூன்று ஸ்டென்ட்டோடு.
"நான் தூக்கட்டுமா?"
உங்களைத் தூக்க இங்கே ஆளில்லை என்றேன்.
தூக்கினால்தான் பாரம்.
சாய்த்து, அடிவளையத்தின் விளிம்பில் நிறுத்தி
கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி,
குடித்தவனை நள்ளிரவில் வீட்டுக்குக் கூட்டிப்போவது மாதிரி
நடத்திக்கொண்டு போனேன்.
முதலில் பால் பெட்டி மேல்.
நின்று, இடுப்பைத் திட்டிவிட்டு,
பிறகு தட்டு மேல்.

இந்த முறை மறக்காமல் இடப்பக்கம் திருகினேன்.
பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து ஊற்றினேன்.
ஒரு குமிழி.
இன்னும் கால் சுற்று.
குமிழி இல்லை.
உள்ளே போய் ஹீட்டரைத் தட்டினேன்.
டிக். டிக்.
நீலமாய் ஒரு மூச்சு பிடித்துக்கொண்டது.
நாய் என்னை விட்டுவிட்டு அதன் எதிரே போய்ப் படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால்
அவன் கேட்பது ஒரே கேள்விதான்.
"கேஸ் இருக்கா?"
"நிறைந்திருக்கிறது."
பின்னால் காற்று. ஏரிப் பனி எங்கோ விரிசல் விடும் சத்தம்.
"அப்போ எண்பது," என்றான்.
ஆமாம் என்றேன்,
எண்பது.