ஏழு மணிக்குக் கதவு திறப்பவள்

சாவி என்னிடம் இருந்ததற்குக் காரணம் பக்தி அல்ல.
ஆலயத்துக்கு அடுத்த வீடு என்னுடையது,
அவ்வளவுதான்.
பதினோரு வருஷமாகத் திறப்பேன், பூட்டுவேன்.
உள்ளே உட்கார்ந்ததில்லை.

ஜூன் முதல் திங்கட்கிழமை
கோதுமைக் கிடங்கைத் தாண்டி
ஐந்து வீட்டு வண்டிகள் வந்தன
நிலையை மறந்துவிட்ட தேர்கள்போல.
இறங்கியவர்கள் எல்லோரும் எழுபதை ஒட்டியவர்கள்.
ஒரு தபால்காரர். பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவர்.
பன்றிப் பண்ணையை விற்றுச் சக்கரம் வாங்கிய தம்பதி.
தச்சு தெரிந்தவர் டெல்மர் மட்டும்.
மற்றவர்கள் அவர் சொன்னபடி அளந்தார்கள், வெட்டினார்கள்,
மறுபடி அளந்தார்கள், மறுபடி வெட்டினார்கள்.
பலகை குட்டையாகிக்கொண்டே போனது.

எங்கள் சபையில் ஒன்பது பேர்.
இருவருக்குப் படியேற முடியாது.
ஆல்டன் பாதி ஜெபத்தில் தூங்கிவிடுவார்.
"ஒன்பது பேருக்கா இவ்வளவு பலகை?" என்றேன்,
நன்றி கெட்டவள்.
வெர்லின் கூரையிலிருந்து இறங்காமலே சொன்னார்,
"ஒழுகுகிற தண்ணீர்
தலை எண்ணிக்கொண்டா விழுகிறது?"
அப்போது அவர் வாயில் நான்கு ஆணிகள்.
பாதிதான் கேட்டது.
மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன்.

தரையைப் பெயர்த்த அன்று
காளான் வாசனை தெருவரை வந்தது.
உளுத்த உத்தரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கெட்டி.
அதன் ஓரத்தில் வரிசையாகக் குதிரைப் பல் தடம்.
யாரோ எப்போதோ
தன் லாயத்தை உடைத்துக் கொண்டுவந்து
இங்கே முட்டுக் கொடுத்திருக்கிறார்.
பெயர் எழுதி வைக்கவில்லை.
டெல்மர் அதைத் தட்டிப் பார்த்தார்,
விரல் கணுவால், தர்பூசணி வாங்குகிறவரைப்போல.
"இது கிடக்கட்டும்" என்றார்.

அர்டிஸ் தனியாக ஓட்டி வந்தவள்.
பக்கத்து இருக்கையில் வெண்டலின் கருவிப்பெட்டி,
பெல்ட் போட்டபடி.
போடாவிட்டால் வண்டி கத்துமாம்.
ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறதாம்.
இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
நான் ஏன் வாசலிலேயே நிற்கிறேன் என்று
கேட்பாள் என்று பயந்தேன்.
கேட்கவில்லை.
பூச்சுக் கரண்டியை நீட்டினாள்.
"மேலே நான், கீழே நீ. என் முட்டி மடங்காது."

மூன்றாம் வெள்ளி, வண்டிகளின் நிழலில் மேஜை போட்டோம்.
பன்றித் தொடை, கேரட் புதைத்த பச்சை ஜெல்லி,
பெட்ரோல் நிலையத்து ஒசுனா குடும்பம் கொண்டுவந்த
வாழையிலை மணக்கும் சோள அப்பம்.
அவர்கள் வேறு சபை.
யாரும் அதைப் பேசவில்லை, இன்னொன்று கேட்டார்கள்.
ஜெபத்தின் நடுவே டகோட்டாக் காற்று
காகிதத் தட்டுகளை அள்ளிக்கொண்டு போனது.
கண்ணை மூடியிருந்தவர்களும் ஓடினோம்.
பார்லி வயலுக்குள்ளிருந்து
யாரோ மூச்சிரைக்க ஆமென் சொன்னார்கள்.
ஆல்டன் அன்று தூங்கவில்லை.

போய்விட்டார்கள்.
புல்லில் ஐந்து மஞ்சள் செவ்வகங்கள்.
சமையலறையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம்,
அடியில் ஒட்டுத்தாளில் அர்டிஸ் என்று.
எந்த முகவரிக்கு அனுப்புவது?
தொலைபேசியில் கூப்பிட்டால் கான்சாஸில் எங்கோ கூரைமேல்,
இரைச்சலுக்கு நடுவே,
"அடுத்த முறை" என்றாள். அல்லது "அடுத்த மழை".
காலிப் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது.
என்ன செய்து தருவதென்று இன்னும் யோசிக்கிறேன்.

சனிக்கிழமை, பழக்கதோஷம்,
ஏழு மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன்.
வருவதற்கு யாருமில்லை.
என் பங்குச் சுவரில் கரண்டித் தடம் அலையலையாகத் தெரிகிறது,
கீழ்ப்பாதியில் மட்டும்.
அதைக் கிட்டத்தில் பார்க்கத்தான் உள்ளே நடந்தேன்.
முன்பெல்லாம் இந்தத் தரை
வருகிறவரை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.
இப்போது முன்வரிசைவரை வந்துவிட்டேன்,
எனக்கே கேட்கவில்லை.