துடைக்காமல் வைத்தவன்

லெமுய் தீவில் மழை ஓய்ந்தது என்று
யார் சொன்னாலும் நம்புவதில்லை.
கூரையின் மரச்செதிலில் பாசி,
ஜாடிக்குள்ளேயே உப்பு அழும்,
இரும்பு எதுவானாலும்
ஒரு வாரம் மறந்தால் நரி நிறம்.

அதனால் கத்திகளை நானேதான் எடுத்து வைப்பேன்.
ஐந்து கத்தி. வேறு கை படக்கூடாது.
கழுவித் துடைத்து
அடுப்போரம் அரைமணி நேரம்,
கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போகட்டும் என்று.
பிறகு கொழுப்பு.
உப்புச் சேர்க்குமுன் எடுத்து வைத்த முதல் உருக்கு,
போன ஜூலையில் அறுத்த பன்றியுடையது.
தன்னை அறுத்த கத்தியை
வருடம் முழுக்க அதுதான் காக்கிறது.
எங்களுக்கு இதில் கூச்சமில்லை.
பன்றியை யாரும் கேட்கவில்லை.

உறையில் மட்டும் வைக்க மாட்டேன்.
கல்யாணத்துக்கு ரெமிஹியோ தந்த உறை,
நல்ல மாட்டுத்தோல்,
என் பெயரைச் சூட்டுக்கோலால் எழுதியிருந்தான்
ஒரு எழுத்தை விட்டுவிட்டு.
முதல் குளிர்காலம் முழுக்க
பெரிய கத்தி அதற்குள் கிடந்தது.
இழுத்தால் வரவில்லை.
தோல் மழையைக் குடித்துக் குடித்து
இரும்புக்கு ஊட்டியிருந்தது.
பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே
இறுக்கிப் பிடித்திருக்கும், பாவம்.
இப்போது அதில் கரண்டிகள் நிற்கின்றன.

தெற்கே ஆட்டுமயிர் கத்தரிக்கப் போனவனிடமிருந்து
இரண்டு வருடமாய்ப் பணம் மட்டும் வருகிறது.

இன்று காலை துணியைப் பிரித்தேன்.
முற்றத்தில் தண்ணீர் கொதிக்கிறது,
அக்கம்பக்கத்தார் வந்தாயிற்று.
நான்கு கத்தி பளிச்.
ஐந்தாவதில், பிடியை ஒட்டி,
துருவால் வரைந்த ஒரு கட்டைவிரல்.
வளையத்துக்குள் வளையம்,
குறுக்கே ஒரு வெற்றுக் கோடு.

மகளைக் கூப்பிட்டேன்: காட்டுடி விரலை.
சின்னது.
மச்சினன் விரலோ கரண்டி அகலம்.
என்னதைக்கூட வைத்துப் பார்த்தேன்.

ஆனால் அந்தக் கோடு எனக்குத் தெரியும்.
பூந்தா அரேனாஸில் கத்தரி அவன் விரலைப் பிளந்த வருடம்
தையலைப் பிரித்தவள் நான்.

பிப்ரவரியில்
காஸ்த்ரோ சந்தைக்குப் போய் நாங்கள் தங்கிய இரவு
ரொட்டியில் பாதி காணாமல் போயிருந்தது.
நாயை அடித்தேன்.

வந்திருக்கிறான்.
நின்றபடியே வெட்டித் தின்றிருக்கிறான்.
நான் மடிக்கும் அதே மடிப்பில்
மறுபடி சுற்றியும் வைத்திருக்கிறான்.
துடைக்கத்தான் இல்லை.
அவன் வியர்வையில் எப்போதும் உப்பு அதிகம்.

சாம்பலைத் தொட்டு
பாதி உருளைக்கிழங்கால் தேய்த்தேன்.
பழுப்பு போய்விட்டது.
ரேகை போகவில்லை, நகத்தை ஓட்டினால்
பள்ளம் பள்ளமாய் இடறுகிறது.

"எடுவினா, கத்தி!" என்கிறார்கள்.
வருகிறேன், வருகிறேன்.
அடுப்படியில் நாய் படுத்திருக்கிறது.
இன்று அதற்கு ஒரு காது தர வேண்டும்,
முழுசாக.