விடுதலைப் பத்திரம்

சேரன்மகாதேவி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி என்னுடையது.
மேசைவிசிறி கடைக்காரருடையது,
அவர் பக்கமே திரும்பி நிற்கும்.

ஆவுடையம்மாள், வயது அறுபத்திரண்டு.
பெயரிலேயே ஓர் உடைமையை வைத்துக்கொண்டு
வீரவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள்,
நாற்பத்திரண்டு சென்ட் நஞ்சையில்
மூன்றில் ஒரு பாகத்தைத்
தம்பிமார் பேருக்கு விட.

'என்ன எழுதிருக்களா, வாசி.'

'எனக்குப் பாத்தியப்பட்ட' என்று தொடங்கினேன்.
பத்திரத் தமிழில் சொந்தம் என்றாலே
கு வந்து நின்றுவிடும்,
கொடையின் வேற்றுமை.
என்னுடைய என்று ஓரிடத்திலும் இல்லை.

'கன்னடியன் கால்வாயின் நீர்ப்பாத்தியம் உட்பட.'
இந்த இன்னில்தான் எப்போதும் விரல் நிற்கும்.
கால்வாயினுடைய நீரா,
கால்வாயிலிருந்து நீங்கி வரும் நீரா?
ஐந்தா, ஆறா?
கல்லூரியில் இதற்கு இரண்டு மதிப்பெண் போனது.
'எதுன்னாலும் அடிங்க' என்றார் இளைய தம்பி பலவேசம்,
'நம்ம டோக்கன் பதினேழு.'

உள்ளே, கண்ணாடிச் சில்லில் சிவப்பு வெளிச்சம்.
இடது பெருவிரலை வைத்தாள். ஏற்கவில்லை.
முந்தானையில் துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை.
கிளார்க் விரலைத் திருப்பிப் பார்த்தார்.
ரேகைக்குக் குறுக்கே
ஒரு வெள்ளைக் கோடு.
'என்னம்மா இது?'
'கருக்கருவா. பிசான அறுப்புல பட்டுட்டு.
பதினோரு வயசு இருக்கும்.'
'எந்த வயல்ல?'
'இப்பம் எழுதுதோம்லா, அதுலதான்.'

பலவேசம் ஜன்னலுக்கு வெளியே
யாரையோ தேடினார்.

என் விரல் என்பது தற்கிழமை, பிரிக்க இயலாது.
என் வயல் என்பது பிறிதின்கிழமை, கைமாறும்.
இரண்டையும் வேறு வேறு வரியில் எழுதிப் படித்தேன்.
வயலின் தழும்பு.
மறுபடியும் அந்த இன்.

வலது பெருவிரலுக்குப் பச்சை எரிந்தது.

மூன்றே முக்காலுக்குத் திரும்ப வந்தாள்,
கை துடைக்கத் துணி கேட்டாள்.
துடைத்துக்கொண்டே,
'ஒரு எழுத்து மாறிருந்தா இனிமே திருத்தலாமா?'
'பிழைதிருத்தல் பத்திரம்னு தனியா போடணும்.
எங்க தப்பு இருக்கு?'

'தப்பு ஒண்ணும் இல்ல.
சும்மா கேட்டேன்.'

அம்பாசமுத்திரம் பஸ் வந்து நின்றது.
நான் அந்தக் கோப்பை மூடவில்லை.
பெயர் கேட்டது கணினி.
ஆவு என்று அடித்துவிட்டு
கொஞ்சநேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.