நாற்பத்தொன்றாம் வரிசை

சிகரெட்டை விட்ட மூன்றாம் நாள்
விரல்களுக்கு வேலையில்லாமல் போனது.
ஃபைல் நாடாவைப் பிரித்தேன்.
சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்தேன்.
பக்கத்து மேஜை சுதேஷ் கோச்சர்
பையிலிருந்து இரண்டு ஊசிகளை எடுத்து நீட்டினாள்.
பத்தாம் நம்பர். ஒன்றின் முனை லேசாய் வளைந்தது.
"இதைப் பிடி,
விட்டால் என் ஸ்டேப்ளரையும் உடைப்பாய்."

சீதா, உல்டா. சீதா, உல்டா.
பதினெட்டு வருஷ டில்லியில்
நான் பிழையில்லாமல் பேசிய இந்தி
இவ்வளவுதான்.
நாம் கண்ணி என்போம்,
இவர்கள் ஃபந்தா என்பார்கள்.
இரண்டு மொழியிலும் அது
காலுக்கோ கழுத்துக்கோ வைப்பது.
ஊசியில் மட்டும்
ஒன்றுக்குள் ஒன்று விழுந்து
யாரையும் பிடிக்காமல் விட்டுவிடுகிறது.

ஒரு சிகரெட்டுக்கு ஒரு வரிசை என்று கணக்கு.
லஜ்பத் நகரில் எடைபோட்டு வாங்கிய நூல்.
நிறம், கடைக்காரர் வாயில் பிஸ்தா.
வீட்டில், ஆஸ்பத்திரிச் சுவர்.

ஆர்.கே. புரத்தில் அலுவலகத்தின் பின்புறப் புல்வெளி,
டிசம்பர் மத்தியானம்.
வேர்க்கடலைத் தோல், எலுமிச்சை பிழிந்த முள்ளங்கி,
வெயில் நகர நகரத் தானும் நகரும் பெண்கள் வட்டம்.
அதில் மீசையோடு நான் ஒருவன்.
"யாருக்கு சார் ஸ்வெட்டர்?" என்றார் காவலாளி.
"நுரையீரலுக்கு" என்றேன்.
அளவு கேட்டுவிட்டுப் போனார்.

ஜனவரியின் கடைசி வெள்ளி, மாற்று நாள்.
கடையில் வாங்கியது கூடாது.
விலை பேசக் கூடாது.
வேண்டாமென்று சொல்லலாம்,
ஏனென்று கேட்கக் கூடாது.
போர்வை மேல் பரப்பினோம்:
புஷ்பா மிஞ்சின் பாசிமணித் தோடு,
தஞ்சீம் பின்னிய சணல் பை
(அதற்குள் ஏற்கெனவே மூன்று பேர் கை),
பழைய கோட்டுப் பொத்தான்களைக் கோத்து
டெஸ்பாட்ச் பிரிவில் யாரோ செய்த கழுத்தணி.
என் ஸ்வெட்டரை எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள்,
எல்லோரும் கீழே வைத்தார்கள்.
கைகள் இரண்டும் ஒரு சாண் அதிகம்.
எண்ணிக்கொண்டிருந்தது சிகரெட்டை,
கையை அல்ல.

கடைசியில் சுதேஷ் அதை மடியில் இழுத்துக்கொண்டாள்.
கண்ணை ஆரஞ்சுச் சுளையில் வைத்துக்கொண்டே
விரலால் படித்தாள், கீழிருந்து மேலாக.
"இங்கே பயம். முதல் வாரம்."
"இங்கே தூங்கி வழிந்திருக்கிறாய்."
பிறகு விரல் நின்றது.
"இங்கே என்ன ஆச்சு?"

நாற்பத்தொன்றாம் வரிசை.
பல்லைக் கடித்ததுபோல் கண்ணிகள்.
சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னேன்:
"அன்றைக்கு இரண்டு பிடித்தேன். வீட்டில் தெரியாது."
அவள் சிரிக்கவில்லை.
குர்த்தாவின் மேலேயே மாட்டிக்கொண்டாள்.
கைகள் விரல் நுனி தாண்டித் தொங்கின.
"ஸ்கூட்டிக்குச் சரி,
தினமும் கையுறையை மறந்துவிடுகிறேன்" என்று
தொங்கிய கைகளை ஆட்டிக் காட்டினாள்.

பதிலுக்கு எனக்கு ஒரு ஜோடி காலுறை,
நாவல்பழ நிறம்.

மெஜந்தா லைனில் உட்கார இடம் கிடைத்ததும்
எடுத்துத் தடவிப் பார்த்தேன்.
இடது காலில் ஒரு பிசிறு இல்லை,
கெசட்டில் அச்சானதுபோல.
வலதின் குதிகாலில் ஒரு கண்ணி நழுவி,
நான்கு வரிசை ஓடி,
வேறொரு நாவல் நிறத்தில், கொஞ்சம் கறுத்தது,
இழுத்து முடிந்திருந்தது உட்பக்கமாய்.

விடுப்புப் பதிவேடு என் மேஜையில்தான் இருக்கிறது.
சுதேஷ் கோச்சர், நவம்பர், பதினோரு நாள்.
காரணம்: சொந்த வேலை.
நான்தான் எழுதினேன்,
மேலே என்ன என்று பார்க்காமல்
அடுத்த பெயருக்குப் போனேன்.

திங்கட்கிழமை போட்டுக்கொண்டு போனேன்.
அவள் என் காலைப் பார்த்தாள்.
நான் அவள் கையைப் பார்த்தேன்,
பிஸ்தா நிறத்துக்குள் விரல்கள் தெரியவில்லை.
ஸ்டேப்ளர் கேட்டாள், கொடுத்தேன்.

முடிச்சு குதிகாலில் உறுத்துகிறது.
நடக்க நடக்கப் படிந்துவிடும் என்கிறார் தஞ்சீம்.
மார்ச் வந்துவிட்டது.
இன்னும் படியவில்லை.