நாலு மாநிலத்தில் ஒரே அர்த்தநாரி

கோடு என்றால் எனக்குத்
திருச்செங்கோடு ஒன்றுதான் தெரியும்.
படித்தது பி.காம்.
உட்கார்ந்திருப்பது சங்ககிரி ரோட்டில்
டயர்க்கடைக்கு மேல் மாடியில்
போர்வெல் வண்டிகளின் கணக்கு.

எட்டு வண்டி. எட்டும் வெளிமாநிலம்.
ராய்ப்பூரில் இரண்டு, நாந்தேடில் ஒன்று,
மற்றவை எங்கே என்பது
மேனேஜர்கள் போனை எடுத்தால் உண்டு.
"அக்கா, முந்நூத்தி எம்பது அடிங்க,
கேசிங் அறுபதுங்க, டீசல்..."
அதற்குள் கம்ப்ரசர் உறுமி
மீதியைத் தின்றுவிடும்.

ஒரு ஆடி மாதம், வேலை மந்தம்.
மூன்று ராத்திரி.
பெட்டியை இழுத்து விட்டேன்
பட்டனை இழுத்து விட்டேன்
இதைத் தொட்டால் அது என்று
கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல
ஒரு வரிகூட எழுதாமல்.
நாலாம் நாள் காலை
எட்டு வண்டியும் வரிசையாக
என் உள்ளங்கையில் நின்றன.

"நெம்ப சுளுவுங்க்கா" என்றார் அர்த்தநாரி,
ஆறாவதோடு நின்றவர்.
முதலாளி நல்லசிவம் கேட்டார்:
"எவன் பண்ணிக் குடுத்தான்?"
"நாந்தானுங்க."
போனைத் திருப்பி
அதன் முதுகைப் பார்த்தார்.

இதை நான் மறக்கவே மாட்டேன்,
பின்னால் நடந்ததற்கெல்லாம் பிறகும்.

முந்நூறு அடி வரை ஒரு ரேட்.
அப்புறம் நூறு நூறாக ஏறும்.
எங்கள் ஊரில் பால்குடிக்குத் தெரியும் இது.
அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை.
அதனிடம் இருந்த பெட்டிகளில்
இதற்கு ஒரு பெட்டி இல்லை.
பத்தொன்பது கட்டங்களைத் திரைக்குப் பின்னால் ஒளித்து
ஒன்றின் தோளில் ஒன்றை ஏற்றி
ஆயிரம் அடி இறங்கினேன்.
ஆயிரத்து நூறில்
ஒரு விவசாயிக்குப் பில் பூஜ்யம் வந்தது.
நல்ல மனுசன், அவரே கூப்பிட்டார்.

ஏன் என்று யாரிடம் கேட்க?
மூடியைத் திறந்து பார்க்க
அதில் திருகாணியே இல்லை.

பிறகு ஆளுக்கு இத்தனை டாலர் என்றார்கள்.
முதலாளி ஒரே ஆளுக்குக் கட்டினார்.
அன்றிலிருந்து
ராய்ப்பூரிலும் நாந்தேடிலும்
பல்லாரியிலும் கட்டாக்கிலும்
ஒரே நேரத்தில் துளை போடுகிறார்
அர்த்தநாரி.
ஒருநாள் வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட
இரண்டாயிரத்து நூறு அடி.

கோயமுத்தூரில் ஒரு பையன் வந்து பார்த்தான்.
"புதுசா எழுதணும்னா நாலு லட்சம், ஆறு மாசம்.
உங்க எண்ணெல்லாம் வெளிய எடுத்துடலாங்க,
இந்தப் பத்தொன்பது கட்டம் வராது."
மூன்று ராத்திரி எங்கே
ஆறு மாசம் எங்கே.
முதலாளி சிரித்தே அனுப்பிவிட்டார்.
அவன் போனபின் என்னிடம் மட்டும் கேட்டார்:
"அப்ப இது நம்ம எடமில்லையா?"
அடுத்தவன் காட்டில் போட்ட போருங்க என்றேன்.
தண்ணி நமக்கு, குழி அவனுக்கு.
அவருக்குப் புரிந்தது. தொழில் அப்படி.
ஆனாலும் மாசாமாசம் கட்டச் சொன்னார்.
நானும்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று ராத்திரி பதினொன்றே முக்கால்.
கட்டாக்கிலிருந்து படம் ஏறவில்லை.
'ஐயாயிரம் வரிசை நிறைந்தது,
மேலே போக மேல் திட்டம்.'
மேல் திட்டத்தின் விலை
என் சம்பளத்தைவிட நூறு ரூபாய் கூட.

பழைய வரிசைகளில் எதை அழிக்க?
காசு வராதவற்றைத் தேடினேன்.
'தொள்ளாயிரம் அடி. வெறும் புகை.'
'எழுநூற்று நாற்பது. புகை. பாதிப் பணம் பாக்கி.'
ஊர்ப்பெயரைப் படிக்காமல்
இருபதை அழித்தேன்.

படம் ஏறியது.
ஆளுயரத்துக்குச் சேற்றுத்தண்ணீர்,
அதன் நடுவே நனைந்து நிற்கிற
யாரோ ஒரு ஒடியாப் பையன்.
கீழே பெயர்:
அர்த்தநாரி.